நார் விலகாமல் சுற்றுவது எப்படி: இழைச்சுற்று வேலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கண்ணாடி நாரையோ கார்பன் நாரையோ பிசினில் நனைத்து, சுழலும் தண்டின்மேல் குறித்த கோணத்தில் சுற்றிக் குழாய், கம்பம், தொட்டி ஆகியவற்றைச் செய்யும் முறைக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் வேலைக்குக் குறைவில்லை. சர்க்கரை ஆலைக்கும் காகித ஆலைக்கும் அரிப்பைத் தாங்கும் குழாய் வேண்டும். படகு கட்டுவோருக்கு எடை குறைந்த கம்பம் வேண்டும். ஜேக்கப்ஸ், பைன்டவுன் தொழிற்பேட்டைகளில் இவ்வேலையில் இருக்கும் நம்மவர்களையும், சிறிய இயந்திரம் ஒன்றை வாங்கிவைத்துத் தொழில் தொடங்க நினைக்கும் சாட்ஸ்வர்த், டோங்காட் இளைஞர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சுழலும் தண்டும், அதன் நீளவாக்கில் போய்வந்து நாரை ஊட்டும் கேரியேஜும் கொண்ட எளிய இரண்டு அச்சு இயந்திரம் இருந்தாலே இங்குச் சொல்லப்படுவதில் பெரும்பகுதியைச் செய்துபார்க்கலாம்.

நார் சொன்ன இடத்தில் படவில்லை என்றவுடன் பலரும் கணினி நிரலைத் திறந்து கோணத்தை மாற்றத் தொடங்குகிறார்கள். குறை பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. நார் சுற்றியிருக்கும் பாபினுக்கும், நாரைத் தண்டின்மேல் விடும் ஊட்டுக்கண்ணுக்கும் இடைப்பட்ட சில மீட்டர் தூரத்தில் பட்டையின் அகலமும் இழுவிசையும் எப்படி உருவாகின்றன என்பதே நார் எங்கே நிற்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நிரல் அதற்குப் பிறகு வருவது. ஆகவே இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதற்படி: பட்டையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட ரோவிங் கயிறுகள் (முறுக்காத நார்க்கொத்துகள்) அருகருகே சேர்ந்து தண்டின்மேல் படியும் அகலத்தையே பட்டை அகலம் என்கிறோம். இதை நாரின் திசைக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். தண்டின் நீளவாக்கில் அளந்தால் கிடைப்பது வேறோர் எண். விற்பனையாளரின் தாளிலோ பழைய வேலைக் குறிப்பிலோ உள்ள அகலத்தை நம்பி நிரல் எழுதக் கூடாது. அதே கயிறு, இழுவிசை கூடினால் ஒடுங்கும். பிசின் இளகினால் பரவும். ஊட்டுக்கண்ணின் வடிவம் மாறினாலும் மாறும். அன்றைய பிசின், அன்றைய இழுவிசை, அன்றைய ஊட்டுக்கண் ஆகியவற்றோடு அதே தண்டின்மேல் சில சுற்றுகள் சுற்றி, குறைந்தது பத்து இடங்களில் வெர்னியரால் அளந்து சராசரி எடுங்கள். மிகச் சிறிய அளவையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இடைவெளி திறப்பது அந்த இடத்தில்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தண்டின் விட்டம் 100 மி.மீ.; கோணம், தண்டின் அச்சிலிருந்து அளக்க, 55 பாகை; 1200 டெக்ஸ் (கிலோமீட்டருக்கு 1200 கிராம்) கண்ணாடிக் கயிறுகள் நான்கு. ஓர் அடுக்கை மூடுவதற்குக் கேரியேஜ் எத்தனை முறை போய்வர வேண்டும் என்பதை அறிய, தண்டின் சுற்றளவைக் கோணத்தின் கோசைனால் பெருக்கிப் பட்டை அகலத்தால் வகுக்க வேண்டும். சுற்றளவு 314.2 மி.மீ.; 55 பாகையின் கோசைன் 0.5736, பெருக்கினால் 180.2 மி.மீ. கிடைக்கிறது. கயிறு ஒன்று 3.5 மி.மீ. பரவும் என்று ஊகித்துப் பட்டையை 14 மி.மீ. என்று எடுத்தவர் 13 நடை (ஒருமுறை போய்வருவது ஒரு நடை) போதும் என்று முடிவுசெய்வார். உண்மையில் பட்டை 12 மி.மீ.தான் என்றால் ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே ஏறக்குறைய 1.9 மி.மீ. இடைவெளி விழும், அந்த இடைவெளி முழுவதும் வெறும் பிசினால் நிரம்பும், அல்லது காற்றால் நிரம்பும். அளந்தவர் 15 நடை என்று எழுதுவார். அடுக்கு ஏறக்குறைய மிகச் சரியாக மூடும்.

ஜேக்கப்ஸில் ஒரு பட்டறையில் பார்த்தது இது. புதிதாகச் சேர்ந்த பையன் திரையையும் தண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அண்ணா, திரையில் இடைவெளியே இல்லையே, தண்டில் மட்டும் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டான். மூத்தவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை; வேகத்தை மட்டும் குறைத்துவிட்டு, வெர்னியரை அவன் கையில் கொடுத்து, "தம்பி, திரையைப் பிறகு பார்க்கலாம், ஊட்டுக்கண்ணுக்குக் கீழே பட்டை எவ்வளவு, அதைச் சொல்லு" என்றார். நான்கு கயிறுகளில் ஓரத்துக் கயிறு வழிகாட்டிச் சீப்பின் பல்லில் ஏறி, பக்கத்துக் கயிற்றின்மேல் பாதி படுத்திருந்தது.

அடுக்கு கூடக்கூட விட்டமும் கூடுகிறது என்பதை மறக்கக் கூடாது. நான்கு 1200 டெக்ஸ் கயிறுகள் சேர்ந்து மீட்டருக்கு 4.8 கிராம், கண்ணாடியின் அடர்த்தியை 2.55 என்று கொண்டால் நாரின் குறுக்குப் பரப்பு 1.88 சதுர மி.மீ. நாரின் கன அளவு 55 சதவீதம் என்றால் பட்டையின் மொத்தப் பரப்பு 3.42 சதுர மி.மீ.; அதை 12 மி.மீ. அகலத்தால் வகுக்கப் பட்டையின் தடிமன் 0.285 மி.மீ. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என இரண்டு பட்டைகள் படிவதால் மூடிய அடுக்கு ஒன்று 0.57 மி.மீ. நான்கு அடுக்குகள் முடிந்தபின் விட்டம் 104.6 மி.மீ.; இப்போது தேவைப்படுவது 15.7 நடை. இங்கே 15-லேயே நிற்பது தவறு. 16 ஆக்கி, பட்டைக்குப் பட்டை 0.2 மி.மீ. ஏறிப்படுவதை ஏற்றுக்கொள்வதே மேல். சிறிய ஏற்றத்தைக் குழாய் பொறுத்துக்கொள்ளும், இடைவெளியைப் பொறுக்காது.

இரண்டாம் படி: இழுவிசையைத் தண்டின் அருகில் அளங்கள்

பாபின்களைத் தாங்கும் சட்டமான கிரீலில் உள்ள பிரேக்கைச் சரிசெய்து, அங்கே காட்டும் எண்ணையே இழுவிசை என்று குறிப்பேட்டில் எழுதுவது பரவலான பழக்கம். அந்த எண்ணுக்கும் தண்டை அடையும் இழுவிசைக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கும். நகராத ஊசியின்மேலோ பீங்கான் வளையத்தின்மேலோ கயிறு வளைந்து செல்லும் ஒவ்வொரு முறையும் உராய்வினால் இழுவிசை பெருகுகிறது; கூடுவதில்லை, பெருகுகிறது என்பதைக் கவனியுங்கள். உராய்வுக் கெழு 0.2 என்றால் 90 பாகை வளைவு ஒன்று இழுவிசையை 1.37 மடங்காக்கும், அப்படி நான்கு வளைவுகள் இருந்தால் 3.5 மடங்கு. கிரீலில் 5 நியூட்டன் வைத்தவருக்குத் தண்டில் 17 நியூட்டனுக்கு மேல் போகிறது. நான்கு கயிறுகளும் வெவ்வேறு பாதையில் வந்தால் நான்குக்கும் வெவ்வேறு இழுவிசை. தளர்ந்த கயிறு அலையலையாகப் படும், இறுகிய கயிறு பக்கத்துக் கயிற்றுக்குள் புதையும். முடிந்த இடங்களில் ஊசிக்குப் பதிலாகச் சுழலும் உருளையைப் போடுங்கள். நகராத ஊசிகளை, நார் விரிந்து பரவுவதற்குத் தேவையான ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு கையடக்க இழுவிசைமானியால் ஊட்டுக்கண்ணுக்கு அருகில் ஒவ்வொரு கயிற்றையும் தனித்தனியே அளங்கள்.

எவ்வளவு இழுவிசை வேண்டும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. அது செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் விடையை நெருங்கலாம். பட்டை தண்டை அழுத்தும் அழுத்தம், மொத்த இழுவிசையைத் தண்டின் ஆரத்தாலும் பட்டை அகலத்தாலும் வகுத்து, கோணத்தின் சைனை இருமுறை பெருக்கினால் கிடைக்கிறது. நான்கு கயிறுகளுக்கும் தலா 15 நியூட்டன், ஆரம் 50 மி.மீ., பட்டை 12 மி.மீ. என்றால், ஏறத்தாழ 90 பாகையில் படியும் வளையச்சுற்று 0.1 மெகாபாஸ்கல், அதாவது சுமார் ஒரு பார் அழுத்தம் தரும். 55 பாகையில் அது மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. 15 பாகையில் பதினைந்தில் ஒரு பங்குதான். தாழ்ந்த கோண அடுக்குகளில் பிசின் தேங்கி நிற்பதற்கும் நார் சற்றே மிதப்பதற்கும் இதுவே காரணம். அத்தகைய அடுக்குகளை மேலும் இறுக்கி இழுப்பதால் பெரிய பயன் இல்லை. அவற்றின்மேல் ஒரு வளையச்சுற்று அடுக்கைப் போட்டுப் பிழிந்தெடுப்பதே முறை. அடுக்கு வரிசையைத் தீர்மானிக்கும்போதே, வலிமைக்கான கணக்கோடு இதையும் சேர்த்துப் பாருங்கள்.

தடித்த சுவர் கொண்ட பொருள்களில் இன்னொன்றும் உண்டு. வெளியடுக்கு இறுகும்போது உள்ளடுக்கு சற்றே சுருங்கி, அதிலுள்ள நார் தன் இழுவிசையை இழக்கிறது; எல்லா அடுக்கையும் ஒரே இழுவிசையில் சுற்றினால் உள்ளே உள்ள நார் நெளியும். முதல் அடுக்கில் கயிற்றுக்கு 15 நியூட்டனில் தொடங்கிக் கடைசி அடுக்கில் 10 நியூட்டனுக்குப் படிப்படியாக இறங்குவது போன்ற ஏற்பாடு, மெல்லிய குழாய்க்கு அவசியமில்லை என்றாலும் தடித்த குழாய்க்குப் பெரிதும் உதவும்.

மூன்றாம் படி: ஊட்டுக்கண்ணை அருகில் கொண்டுவாருங்கள்

ஊட்டுக்கண்ணை விட்டபின் நார் தண்டைத் தொடும்வரை அதை எதுவும் பிடித்திருப்பதில்லை. இந்தத் தொங்கு தூரம் கூடக்கூடப் பட்டை முறுக்கிக்கொள்ளும், ஒடுங்கும், கேரியேஜ் எங்கே நிற்கிறதோ அதற்கும் நார் எங்கே படுகிறதோ அதற்கும் உள்ள இடைவெளியும் கூடும். ஊட்டுக்கண்ணிலிருந்து தொடுபுள்ளி வரை, தண்டின் அச்சுக்குக் குறுக்கே உள்ள தூரம் 100 மி.மீ. என்றால், 55 பாகைச் சுற்றில் நார் கேரியேஜுக்கு 70 மி.மீ. பின்னால் வருகிறது, 15 பாகையில் 373 மி.மீ. பின்னால் வருகிறது. கேரியேஜ் அத்தனை தூரம் தாண்டிப் போய்த்தான் திரும்ப வேண்டும். நிரலில் அது கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் இந்தப் பின்தங்கலும் பாதியாகும். உருளை வடிவக் குழாய்க்கு 30 முதல் 50 மி.மீ. வரை கொண்டுவரலாம், குவிமாட முனையுள்ள தொட்டிக்கு மோதாத அளவுக்கு விலக வேண்டும், அப்போது குறுக்கு நகர்வுக்கு மூன்றாவது அச்சும், பட்டையைத் தட்டையாகத் திருப்பிக் கொடுக்க ஊட்டுக்கண் சுழலும் நான்காவது அச்சும் தேவைப்படும்.

நான்காம் படி: நடைகளைப் பூட்டும் கணக்கு

உள்ளழுத்தம் தாங்கும் இரு முனையும் அடைத்த குழாயில் வளையத் திசையில் வரும் தகைவு (ஓரலகு பரப்பில் வரும் விசை) நீளவாட்டில் வருவதைப்போல் இருமடங்கு. சுமை முழுவதையும் நாரே தாங்குகிறது என்று கொண்டால், கோணத்தின் டான்ஜெண்டின் வர்க்கம் 2 ஆக வேண்டும்; அதுவே புகழ்பெற்ற 54.7 பாகை. நம் எடுத்துக்காட்டின் 55 அங்கிருந்து வந்தது. வளைவைத் தாங்கும் கம்பத்துக்கு இதே கோணத்தைப் போடுவது வீண். அங்கே தாழ்ந்த கோணம் வேண்டும்.

15 நடைகளில் அடுக்கு மூட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த 15 பட்டைகளும் தண்டைச் சுற்றிச் சம இடைவெளியில் வந்து விழுவது தானாக நடப்பதில்லை. ஒரு நடை முடிந்து கேரியேஜ் தொடங்கிய இடத்துக்கு வரும்போது தண்டு முழுச் சுற்றுகள் போக எவ்வளவு மிகுதியாகச் சுழன்றிருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த மிகுதி, 360-ஐப் பதினைந்தால் வகுத்த 24 பாகையின் மடங்காக இருக்க வேண்டும். அந்த மடங்குக்கும் 15-க்கும் பொது வகுத்தி இருக்கக் கூடாது. 3 மடங்கு, அதாவது 72 பாகை என்று வைத்தால், ஐந்தே நடைகளில் நார் தொடங்கிய பட்டையின்மேலேயே மீண்டும் ஏறும். பத்து இடங்கள் வெறுமையாகக் கிடக்கும். 1, 2, 4, 7, 8, 11, 13, 14 ஆகியவையே பொருந்தும்.

மடங்கைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு காரணங்கள் ஒன்றையொன்று இழுக்கும். 1 என்றால் பட்டைகள் வரிசையாக அடுத்தடுத்துப் படியும். 4 என்றால் நான்கு நடைக்கு ஒருமுறைதான் பட்டை அதன் பக்கத்துப் பட்டையை ஒட்டிவந்து சேரும். நார் நாரின்மேல் குறுக்கே ஏறி இறங்கும் இடங்கள் அதற்கேற்பக் கூடும். அந்த ஏற்ற இறக்கங்களில் நார் நெளிவதால் அமுக்க வலிமை குறைகிறது. ஆயினும் குறுக்கீடு உள்ள சுற்று, பிசின் உறைவதற்கு முன் பட்டைகள் பக்கவாட்டில் சரியாமல் பூட்டிவைக்கிறது. அழுத்தக் குழாய்க்குக் குறைந்த எண்ணையே நான் விரும்புவேன். மோதலைத் தாங்க வேண்டிய கம்பத்துக்குக் கூடுதல் எண் தவறில்லை.

ஐந்தாம் படி: திரும்பும் முனைகள்

நேரான குழாயின் முனையில் கேரியேஜ் சட்டென்று திரும்பினால் நார் சரிந்து வந்துவிடும். உருளையின்மேல் சுருள்வழியே மிகக் குறுகிய பாதை. அதை விட்டு விலகும் நாரை உராய்வு ஒன்றே பிடித்துவைக்கிறது. ஈர நாருக்கு அந்த உராய்வில் 0.15-க்கு மேல் நம்பி வடிவமைக்காமல் இருப்பது நல்லது. 55 பாகையிலிருந்து 90 பாகை வரை கோணத்தை மெல்ல ஏற்றித் திரும்ப எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம்: இரு கோணங்களின் சைன்களைத் தலைகீழாக்கிக் கழித்து, ஆரத்தால் பெருக்கி, உராய்வால் வகுக்க வேண்டும். 1.221 கழித்தல் 1, பெருக்கல் 50, வகுத்தல் 0.15 என்றால் 74 மி.மீ. ஒவ்வொரு முனையிலும் வெட்டி எறியப்படும் கழிவு அதுதான். இதே கணக்கை 15 பாகைக்குச் செய்தால் 955 மி.மீ. வருகிறது, ஆகவேதான் தாழ்ந்த கோணச் சுற்றுக்கு முனையில் நாரைப் பிடித்துத் திருப்பும் ஊசி வளையம் பொருத்துகிறார்கள்.

இனி நடைக் கணக்கை முடிக்கலாம். பயன்படும் நீளம் 1200 மி.மீ. என்றால் ஒரு திசைப் போக்கில் தண்டு 1964 பாகை சுழலும். இரு திசைக்கும் 3928. உராய்வை நம்பித் திரும்பும் ஒவ்வொரு முனையிலும் கோணம் ஏறி இறங்குவதற்கே சுமார் 499 பாகை சுழற்சி செலவாகிறது. அதற்குக் குறையாமல், மொத்த மிகுதி 24-இன் தகுந்த மடங்காக வருமாறு முனைச் சுழற்சியைத் தேட வேண்டும். 4 மடங்குக்கு ஒவ்வொரு முனையிலும் 604 பாகை தேவை; 7 மடங்குக்கு 640; 11 மடங்குக்கு 508 மட்டுமே. பதினொன்றை நான்கால் பெருக்கினால் 44, அதாவது 45-க்கு ஒன்று குறைவு. ஆகவே 11 மடங்கும் 4 மடங்கைப் போலவே அமைகிறது: நான்காவது நடைக்குப் பின் பட்டை தொடக்கப் பட்டையின் பின்பக்கத்தை ஒட்டிவந்து படும். 499 போக மீதம் 9 பாகை மட்டும் முனையில் வளையமாகச் சுற்றப்படுவதால் அங்கே நார் குவிவதும் குறைவு. காட்விண்ட், காட்ஃபில் போன்ற மென்பொருள்கள் இவற்றை நொடியில் செய்துவிடும்; இருந்தாலும் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கே மென்பொருள் தரும் பட்டியலில் எதை எடுப்பது என்பது விளங்கும்.

ஆறாம் படி: குவிமாட முனைகள்

பம்பரத்தில் கயிறு சுற்றியவர்களுக்கு, சரிவான பரப்பில் கயிறு தானே ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளும் என்பது தெரியும். தொட்டியின் குவிமாடத்திலும் அவ்வாறே. 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞர் கிளேரோவின் பெயரால் அழைக்கப்படும் விதிப்படி, சுழற்பரப்பின்மேல் மிகக் குறுகிய பாதையில் செல்லும் நாருக்கு, அவ்விடத்து ஆரத்தையும் கோணத்தின் சைனையும் பெருக்கிய எண் மாறாது. குவிமாடத்தின் நடுவே உள்ள துளையின் ஓரத்தில் நார் 90 பாகையில் திரும்புவதால், உருளைப் பகுதியின் கோணம் துளையின் ஆரத்தை உருளையின் ஆரத்தால் வகுத்தே கிடைத்துவிடுகிறது. உருளை ஆரம் 100 மி.மீ., துளை ஆரம் 30 மி.மீ. என்றால் கோணம் 17.5 பாகை, விருப்பம்போல் வேறு கோணம் கேட்க இங்கே இடமில்லை.

இரண்டு முனைகளின் துளைகளும் வெவ்வேறு அளவில் இருந்தால்தான் சிக்கல். மறுமுனைத் துளை 40 மி.மீ. ஆரம் என்று கொள்வோம். அங்கே தேவைப்படும் கோணம் 23.6 பாகை. முன்பு திரும்பும் முனைக்குப் போட்ட அதே கணக்கைப் போட்டால், 0.15 உராய்வில் இந்த மாற்றத்தை நிகழ்த்த 556 மி.மீ. உருளை நீளம் தேவை. தொட்டியின் உருளைப் பகுதி அதைவிடக் குட்டையாக இருந்தால் நார் வழுக்கும். இழுவிசையைக் கூட்டுவது அதற்குத் தீர்வாகாது, ஏனெனில் சரியவைக்கும் விசையும் பிடித்துவைக்கும் விசையும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன. துளைகளின் அளவை நெருக்கமாக்குங்கள், அல்லது முன்பே பிசின் ஏற்றிய பிசுபிசுப்பான நாருக்கு மாறுங்கள்.

துளையைச் சுற்றி நார் குவிவது தவிர்க்க முடியாதது. எல்லா நடையும் அந்தச் சிறு வட்டத்தைத் தொட்டே திரும்புகின்றன. மேற்சொன்ன தொட்டியில் 40 மி.மீ. ஆரத்தில் அடுக்கின் தடிமன் உருளையில் உள்ளதைப்போல் 3.6 மடங்கு, 35 மி.மீ.-இல் 5.3 மடங்கு. அடுத்த அடுக்கு இந்த மேட்டின் தோளில் பாலம்போட்டு அந்தரத்தில் நிற்கும், அடியில் வெற்றிடம் விழும். இதற்குச் சிறந்த வழி, அடுக்குகளின் திரும்பும் ஆரத்தைப் படியாக மாற்றுவது: முதல் அடுக்கு 30, அடுத்தது 36, அதற்கடுத்தது 42 என்று பாதிப் பட்டை அகலம் விட்டுவிட்டு நகர்த்தினால் குவியல் பரவிவிடும். கோணமும் 17.5-இலிருந்து 24.8 வரை மாறும் என்பதால் வலிமைக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் அழுத்தக் கலன் செய்து விற்பதற்கு, 1993-ஆம் ஆண்டின் தொழில்சார் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2009-இல் வந்த அழுத்தக் கருவி விதிகள் உள்ளன. இந்த வழிகாட்டி அவற்றுக்கு மாற்று அன்று.

ஏழாம் படி: பிசினும் டர்பன் வானிலையும்

பிப்ரவரி மாதத்தில் இங்கே பகல் வெப்பம் 28 டிகிரியை ஒட்டியும் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். எப்பாக்ஸி தொட்டியில் இளகி, நாரில் பரவி, பட்டை அகலமாகிறது. கூடவே வேலைநேரம் சுருங்குகிறது. பிற்பகலில் பிசின் கெட்டியாகத் தொடங்கினால் பட்டை மறுபடி ஒடுங்கும். காலையில் அளந்த அகலம் பிற்பகலுக்குப் பொருந்தாததற்கு இதுவே காரணம். பிசின் தொட்டிக்கு நீர்ச்சட்டை (சுற்றிலும் நீர் நிற்கும் உறை) வைத்து வெப்பத்தை ஒரே நிலையில் நிறுத்துங்கள்; ஒரேயடியாகக் கலக்காமல் சிறுசிறு அளவாகக் கலந்து சேருங்கள். அமீன் கடினப்படுத்தி ஈரக்காற்றில் மெழுகுப் படலம் விடும், அன்ஹைட்ரைடு வகை ஈரத்தை உறிஞ்சிக் கெடும். டின் மூடி திறந்து கிடக்கக் கூடாது. ஜோகன்னஸ்பர்க் மேட்டுநிலத்தின் வறண்ட குளிர்காலத்தில் இதே பிசின் தடித்து நார் நனையாமல் போகும், ஆதலால் அங்குள்ள நண்பரின் குறிப்பை அப்படியே இங்கே பயன்படுத்த வேண்டாம்.

பிசின் அளவை, மிகுதிப் பிசினை வழித்தெடுக்கும் வழிப்புப் பலகையின் இடைவெளி கட்டுப்படுத்துகிறது. அதைச் சோதிக்கத் தராசு போதும். ஊட்டுக்கண்ணைக் கடந்த நனைந்த பட்டையில் ஒரு மீட்டர் வெட்டி நிறுங்கள். நம் எடுத்துக்காட்டில் நார் 4.8 கிராம், 55 சதவீத நாருக்கு உரிய பிசின் 1.8 கிராம், மொத்தம் 6.6. அழுத்தத்தில் சிறிது பிழிந்து வெளியேறும் என்பதால் 7 கிராம் வரை இருக்கலாம். 8 கிராம் வந்தால் பிசின் தண்டிலிருந்து சொட்டும், நார் அதில் மிதந்து இடம்பெயரும்.

மின்தடை பற்றியும் சொல்ல வேண்டும். 2023-இல் அரசு மின்நிறுவனமான எஸ்காமின் லோட்ஷெடிங் (சுழற்சி முறை மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது பட்டறைக்காரர்கள் கற்றுக்கொண்ட பழக்கங்களைக் கைவிட வேண்டாம். இயந்திரம் தன் நிலையை மறக்காத அப்சலூட் என்கோடர், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மட்டுமாவது ஒரு யூபிஎஸ், எந்த அடுக்கில் எத்தனையாவது நடை என்பதைத் திரைக்கு வெளியே ஒரு தாளிலும் குறித்தல் ஆகியவை போதும். தண்டு நின்றுவிட்டால் பிசின் அடிப்பக்கம் வடியும். கையால் சுழற்ற ஒரு கைப்பிடி வைத்திருங்கள்.

எட்டாம் படி: சுற்றும்போது சரிபார்த்தல்

கோணமானியை ஈரப் பட்டையின்மேல் வைத்துப் படிப்பது துல்லியமாக வராது. அதற்குப் பதிலாக ஒரே பட்டை தண்டை ஒருமுறை சுற்றிவர எவ்வளவு நீளம் நகர்கிறது என்பதை நாடாவால் அளங்கள். 100 மி.மீ. விட்டத்தில் 55 பாகைக்கு அது 220 மி.மீ.; 56 பாகைக்கு 212. ஒரு பாகைப் பிழை 8 மி.மீ. வேறுபாடாகக் கண்ணுக்குத் தெரியும். மூன்று சுற்றுகளைச் சேர்த்து அளந்தால் இன்னும் நம்பகமாக இருக்கும். ஒரு கயிற்றில் மட்டும் நிற நூல் ஒன்றை இழையாகச் சேர்த்துவிட்டால், பட்டை எங்கே புரண்டது, எந்த நடையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியது என்பதை அடுக்கு முடிந்தபின்னும் தடம் பிடிக்கலாம்.

பிசின் உறையும்வரை தண்டைச் சுழலவிடுங்கள். உலையிலும் சுழற்ற முடிந்தால் நல்லது. அலுமினியத் தண்டு 100 மி.மீ. விட்டத்தில் 80 டிகிரி வெப்ப உயர்வுக்கு ஏறத்தாழ 0.18 மி.மீ. விரியும், எஃகு அதில் பாதி. விரிவு நாரை இறுக்கிப் பிடிக்கும், ஆறியபின் சுருக்கம் குழாயைக் கழற்ற உதவும்.

ஒன்பதாம் படி: வெட்டிப் பார்த்தல்

முனையில் கழிவாக வெட்டிய வளையத்தை எறியாமல், அதில் பயன்படும் பகுதியை ஒட்டியுள்ள துண்டை மெருகேற்றிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இரு அடுக்குகளுக்கு நடுவே நீண்ட கறுத்த கோடுகள் தெரிந்தால் நார் பாலம்போட்டிருக்கிறது. உருண்டைப் புள்ளிகள் தெரிந்தால் பிசினில் காற்று கலந்திருக்கிறது. முன்னதற்கு இழுவிசையையும் அடுக்கு வரிசையையும், பின்னதற்குப் பிசின் தொட்டியையும் பார்க்க வேண்டும். நார் விகிதத்தை அறியக் கண்ணாடிக் குழாயின் துண்டை உலையில் எரித்து மீதியை நிறுக்கும் ஐ.எஸ்.ஓ. 1172 முறை எளியது. கார்பன் நாருக்கு அது பொருந்தாது, காற்றில் நாரும் எரிந்துபோகும். வளைய வலிமைக்கு, பிளந்த வட்டத்தில் வளையத்தை மாட்டி இழுக்கும் ஏ.எஸ்.டி.எம். டி 2290 சோதனையைச் செய்யலாம். ஒரே குழாயிலிருந்து வெட்டிய வளையங்களின் வலிமை ஒன்றுக்கொன்று மிக விலகி இருந்தால், சராசரி நன்றாக இருந்தாலும் அந்தக் குழாயை ஏற்காதீர்கள். பலவீனமான வளையம் வெட்டப்பட்ட இடத்துக்குரிய பட்டை அகலக் குறிப்பை எடுத்து, அங்கே எந்தக் கயிறு எந்த ஊசியைக் கடந்து வந்தது என்பதிலிருந்து தேடத் தொடங்குங்கள்.